கட்டிய கண்களும் கலங்கிய சித்தமும்

முதுமை வேறு, பித்து வேறு. ஆயினும் நம் மக்கள் இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணிப் பழகிவிட்டனர். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அதுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த எழுபது வயதுப் பெரியவர் திடீரெனத் தம் மகனை அடையாளம் காணாமல் "நீ யார்?" என்று கேட்கிறார். மருத்துவமனையைத் தம் வீடென்கிறார். இறந்துபோன தமையனைக் கூப்பிடுகிறார். கையில் ஏற்றியிருக்கும் ஊசியைப் பிடுங்கி எறிகிறார். உடனிருப்போர் நடுங்கிப்போகின்றனர். "வயதாகிவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது" என்பார் ஒருவர். "காற்றுக் கருப்பு பட்டிருக்கும்" என்பார் இன்னொருவர். இரண்டும் பிழை. இது மருத்துவ உலகம் ஈராயிரம் ஆண்டுகளாக அறிந்த ஒரு நோய்நிலை. இதற்குக் காரணங்கள் உண்டு. பெரும்பாலும் தீர்வும் உண்டு. இதன் வரலாற்றில் நம் மதுரைச் சீமைக்கும் தொடர்புடைய ஒரு பகுதி இருக்கிறது. அதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

போடிநாயக்கனூரிலும் அதற்கு மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளிலும் வாழும் முதியவர்களுக்கு இச்செய்தி மிகவும் வேண்டியது. போடி, ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர். இங்கிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கின் பிற ஊர்களிலிருந்தும் விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறி ஏலத்தோட்டங்களில் பாடுபட்டவர்களே இன்றைய முதியோரில் பலர். மழையில் வழுக்கும் பாதையில் விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது. வயது ஏற ஏறக் கண்ணில் புரை படர்கிறது. இரண்டுக்கும் மலையிலிருந்து இறங்கித்தான் ஆகவேண்டும். 1928ஆம் ஆண்டில் மதுரைக்கும் போடிக்கும் இடையே ரயில் பாதை திறக்கப்பட்ட பின், பெரிய நோய் என்றால் மதுரை என்பதே வழக்கமாயிற்று. எர்ஸ்கின் மருத்துவமனை என்று அன்று பெயர் பெற்றிருந்த, இன்றைய அரசு இராசாசி மருத்துவமனையே பல தலைமுறைகளுக்குப் புகலிடமாக விளங்கியது. தன் மலையில் கண்ணை மூடிக்கொண்டும் வழி சொல்லக்கூடிய ஒருவர், முன்பின் அறியாத கூடத்தில் முகமறியாத மனிதர் நடுவே படுக்கவைக்கப்படுகிறார். இந்த இடமாற்றத்தையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பெயர் சொல்லும் பாடம்

தமிழ் வைத்தியம் இந்நிலையைச் 'சன்னி' என்றது. 'சந்நிபாதம்' என்ற வடசொல்லின் திரிபு இது. வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருங்கே கெட்டு, அதனால் நோயாளி பிதற்றுகிறான் என்பது பொருள். சிங்கள மக்களிடம் இதே சொல் பதினெட்டுச் சன்னிப் பேய்களாக உருப்பெற்று, முகமூடி அணிந்து ஆடும் 'சன்னி யகும' என்னும் சடங்காக நிலைத்தது. ஒரே சொல் ஓரிடத்தில் உடற்கேட்டின் பெயராகவும் மற்றோரிடத்தில் பேயின் பெயராகவும் வழங்கியதைக் காண்கிறோம். இவ்விரு பார்வைகளும் நம் வீடுகளில் இன்றும் அருகருகே குடியிருக்கின்றன.

மேனாட்டு மருத்துவம் இதற்கு 'டெலிரியம்' என்று பெயரிட்டது. இலத்தீன் மொழியில் 'லிரா' என்றால் உழுசால். ஏர் பிடித்தவன் சாலை விட்டு விலகிப்போவதே அச்சொல்லின் மூலப்பொருள். எவ்வளவு பொருத்தமான உவமை! சாலை விட்டு விலகிய ஏரை மீண்டும் சாலுக்குத் திருப்பலாம். உழவன் கெட்டான் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை.

இச்சொல்லை மருத்துவ நூலில் ஆண்ட செல்சஸ் என்ற ரோமானியர் கி.பி. முதல் நூற்றாண்டினர். சுரவேகத்தில் பிதற்றும் நோயாளியை எங்கே வைப்பது என்ற ஒரு பழைய வழக்கை அவர் எடுத்துரைக்கிறார். முன்னோர் அத்தகையோரை இருட்டறையில் வைத்தனர். இருள் மனத்தை அமைதிப்படுத்தும் என்பது அவர்கள் கருத்து. அஸ்கிலிபியாடிஸ் என்ற மருத்துவரோ இருளே அச்சமூட்டுகிறது என்று கூறி, வெளிச்சத்தில் வைக்கச் சொன்னார். செல்சஸ் நடுநிலை வகித்தார்: இருளுக்கு அஞ்சுகிறவரை வெளிச்சத்திலும், வெளிச்சத்துக்கு அஞ்சுகிறவரை இருளிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். இருளா, ஒளியா என்ற இவ்வழக்கு பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்பும் முடியவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

இப்னு சீனா (980–1037) தம் 'கானூன்' நூலில் தலையின் நோய்களை விரிவாக ஆராய்ந்தார். மூளையிலேயே தோன்றும் கேடு ஒன்று. வயிறு முதலான வேறோர் உறுப்பின் கேட்டில் மூளையும் 'பங்கு கொள்வதால்' வரும் கேடு மற்றொன்று எனப் பிரித்தார். இப்பங்கு கொள்ளுதலை அரபியில் 'முஷாரகா' என்பர். சிறுநீர்த் தாரையில் கிருமி புகுந்தாலும், உடலில் நீரும் உப்பும் குறைந்தாலும், நுரையீரலில் சளி கட்டினாலும் முதியவரின் மூளை முதலில் கலங்குகிறது என்று இன்றைய மருத்துவர் கூறுவதற்கும், அப்பெருமகனார் வகுத்த பிரிவுக்கும் தொலைவு அதிகமில்லை. காரணத்தைத் தலையில் மட்டும் தேடாதே என்பதே இரண்டின் சாரமும்.

கண்புரையும் இருட்டறையும்

அறுவைக்குப் பின் வரும் சித்தக் கலக்கத்தின் வரலாற்றில் கண்புரைக்குத் தனி இடமுண்டு. ஊசியால் புரையைத் தள்ளிவிடும் முறையைச் சுசுருதர் விவரித்தார். சிகிச்சை முடிந்ததும் நோயாளி மல்லாந்து படுக்கவேண்டும். இருமல், தும்மல், ஏப்பம் எதுவும் கூடாது என்பது அவர் விதி. கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த அம்மார் இப்னு அலீ அல்-மவ்ஸிலி, உள்துளையுள்ள ஊசியால் மென்புரையை உறிஞ்சி எடுக்கும் வழியைக் கண்டார். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்பேடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. 1819இல் சென்னையில் அரசு கண் மருத்துவமனை தோன்றியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று.

பிரான்சு நாட்டு ஜாக் தாவியேல் 1747இல் புரையைத் தள்ளாமல் கண்ணைத் திறந்தே வெளியில் எடுத்தார். பார்வை மீள்வதற்கு இது சிறந்த வழி. ஆனால் விழியில் பெரிய வெட்டுக்காயம் விழுந்தது. தையல் இல்லாத காலம். ஒரு தும்மல் போதும், விழியின் உட்பொருள் வெளியே வந்துவிடும். ஆகவே இரு கண்களையும் கட்டினர். தலையின் இருபுறமும் மணல்மூட்டை வைத்தனர். நோயாளி பல நாட்கள் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும் என்றனர். கைகளைக் கட்டிவைத்ததும் உண்டு. மருத்துவர் கருதியது நோயாளியின் நன்மையையே. பார்வைக்காக வகுத்த அந்த விதி மனத்தை என்ன செய்யும் என்பதை யாரும் முன்கூட்டி எண்ணிப் பார்க்கவில்லை.

விளைவை அவர்கள் விரைவிலேயே கண்டனர். கண் கட்டப்பட்ட முதியோர் சிலர் இரவில் எழுந்து ஓடினர், கட்டுகளைப் பிய்த்தனர், இல்லாதவரோடு உரையாடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் இதைப் பலவாறு விளக்கினர். 1887இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் சாவேஜ் என்ற மனநோய் மருத்துவர், மயக்க மருந்துக்குப் பின் தோன்றும் சித்தக் கேட்டைப் பற்றி எழுதினார். குளோரோபாரமே குற்றவாளி என்ற எண்ணம் பரவிற்று. ஆனால் 1884இல் கார்ல் கோலர் கண்ணை மட்டும் மரக்கச் செய்யும் கொக்கேயின் துளியை அறிமுகப்படுத்திய பின், கண்புரைச் சிகிச்சைக்கு முழு மயக்கம் தேவையில்லாமல் போயிற்று. அப்பொழுதும் முதியோர் சித்தம் கலங்கியது நிற்கவில்லை. ஆகவே மயக்க மருந்தின் மீது மட்டும் பழி போட இயலாது என்பது தெளிவாயிற்று.

இருவர் கண்ட இரு காரணங்கள்

1958இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மனநல மருத்துவர்களான வைஸ்மனும் ஹாக்கெட்டும் இதை ஆராய்ந்து வெளியிட்டனர். 'கருங்கட்டுச் சித்தக் கலக்கம்' என்று பொருள்படும் பெயர் அதற்கு நிலைத்தது. கண் கட்டப்பட்டவர் தம்மைச் சூழ்ந்த உலகை இழக்கிறார். இழந்த உலகுக்குப் பதிலாக மனம் தானே ஓர் உலகைப் படைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் கண்ட கருத்து. அவர்கள் தந்த மருந்தும் எளியது: மருத்துவர் அடிக்கடி அருகில் சென்று அமர வேண்டும்; தம் பெயரைச் சொல்ல வேண்டும்; இது எந்த இடம், இன்று என்ன நாள், என்ன சிகிச்சை நடந்தது என்று எடுத்துரைக்க வேண்டும்; கட்டப்பட்ட கண்களுக்குப் பதிலாக மனிதக் குரல் வழிகாட்ட வேண்டும். அஸ்கிலிபியாடிஸ் தொடுத்த பழைய வழக்கில் இது ஒளியின் பக்கத்துக்குக் கிடைத்த தீர்ப்பு என்று சொல்லலாம்.

எனினும் வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. 1979இல் சம்மர்ஸ், ரீக் என்ற இரு மருத்துவர்கள், கட்டைவிடக் கண்ணில் விட்ட துளிமருந்துக்கே பெரும்பொறுப்பு உண்டு என்று வாதிட்டனர். பாவையை விரிப்பதற்கு அத்திரோபின் போன்ற மருந்துகளைக் கண்ணில் விடுவது வழக்கம். நம் வேலிகளில் பூத்துக்கிடக்கும் ஊமத்தையிலுள்ள நஞ்சும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். ஊமத்தங்காய் தின்றவன் என்ன ஆவான் என்பது கிராமத்துக் குழந்தைக்கும் தெரியும்: வாய் வறளும், பாவை விரியும், சித்தம் தடுமாறும். கண்ணில் விட்ட மருந்து இரத்தத்தில் கலந்து முதிய மூளையை எட்டினால், சிறு அளவிலும் அதே தடுமாற்றம் நேரலாம். நினைவுக்கும் கவனத்துக்கும் துணைபுரியும் ஒரு வேதிப்பொருளின் வேலையை இம்மருந்துகள் தடுப்பதே காரணம்.

இருவரில் யார் சொன்னது சரி? இருவர் சொன்னதும் சரியே என்பது இன்றைய அறிவு. வலுவிழந்த மூளை ஒன்று. அதன் மேல் ஏறும் சுமைகள் பல. நோவு, தூக்கமின்மை, தண்ணீர்க் குறைவு, கிருமி, மருந்து, இருள், தனிமை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சுமை. எந்தச் சுமையில் வண்டியின் அச்சு முறிந்தது என்று கேட்பதைவிட, இறக்கக்கூடிய சுமைகளை இறக்கி வைப்பதே அறிவுடைமை.

மதுரையில் நடந்த மாற்றம்

இனி நம் சீமைக்கு வருவோம். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் கோ. வேங்கடசாமி, ஓய்வு பெற்றதும் 1976இல் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்டவர் அவர். 1985இல் தேனியில் அதன் கிளை எழுந்தது. போடிக்காரருக்குக் கண்புரை என்றால் மதுரை என்ற நிலை மாறி, அரைமணிப் பயணத்தில் சிகிச்சை கிடைக்கலாயிற்று. சிற்றூர்களில் முகாம் நடத்தி, புரை முற்றியவர்களைப் பேருந்தில் ஒன்றாக அழைத்து வந்து, ஒன்றாகத் தங்கவைத்து, ஒன்றாகத் திருப்பி அனுப்பும் முறையை அந்நிறுவனம் வளர்த்தெடுத்தது.

1949இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்பார் கண்ணுக்குள் முதன்முதலாகச் செயற்கை வில்லையைப் பொருத்தினார். அவ்வில்லை ஏழைக்கு எட்டாத விலையிலேயே நெடுநாள் இருந்தது. 1992இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், அதைக் குறைந்த விலையில் இங்கேயே உருவாக்கியது. வெட்டு சிறுத்தது, தையலும் தேவையற்றதாயிற்று. மணல்மூட்டை போயிற்று, இரு கண் கட்டும் போயிற்று. சிகிச்சை முடிந்தவர் சிறிது நேரத்தில் எழுந்து நடக்கிறார். மறுநாள் கட்டைப் பிரித்ததும் உலகைக் காண்கிறார். அருகில் தம் ஊர்க்காரர் அமர்ந்திருக்கிறார்.

இதில் ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். உலகெங்கும் இம்மாற்றங்கள் பார்வையின் பொருட்டும் சிக்கனத்தின் பொருட்டும் செய்யப்பட்டவை. சித்தக் கலக்கத்தைத் தடுப்பதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஆயினும் கட்டும் கிடையும் இருளும் நீங்கியபோது, கண்புரைச் சிகிச்சைக்குப் பின் வரும் கலக்கமும் அரிதாகிவிட்டது. முதியோரின் வயது குறைந்துவிடவில்லை. அவர்களுக்கு நாம் செய்தது மாறியது. முதுமையே குற்றவாளி என்போருக்கு இதைவிடத் தக்க மறுமொழி உண்டோ?

இடுப்பெலும்பும் இன்றைய நிலையும்

கண்புரை விட்ட இடத்தை இன்று இடுப்பெலும்பு முறிவு பிடித்துக்கொண்டது. தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ அத்தகைய முதியவரைக் கொண்டுசெல்கின்றனர். "முதுகில் ஊசி போட்டால் புத்தி கலங்காது, முழு மயக்கம் கொடுத்தால்தான் கலங்கும்" என்று பலர் நம்புகின்றனர். 2021இல் வெளியான இரு பெரிய ஆய்வுகள், ஒன்று அமெரிக்கா, கனடாவிலும் மற்றொன்று சீனாவிலும் நடந்தவை, இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் இவ்விரு முறைகளுக்கிடையே சித்தக் கலக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. கண்புரை வரலாறு முன்பே உணர்த்திய பாடம் இது.

வேறுபாட்டை உண்டாக்குவது பராமரிப்பு. 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதியோர் மருத்துவர் நாள்தோறும் வந்து பார்த்து, நோவையும் நீரையும் மருந்துகளையும் ஒழுங்குபடுத்திய இடுப்பெலும்பு நோயாளிகளில் நூற்றுக்கு 32 பேருக்குக் கலக்கம் வந்தது. வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் நூற்றுக்கு 50 பேருக்கு வந்தது. அதற்கு முன், 1999இல், ஷரோன் இனூயே என்ற அம்மையாரின் குழு பொது மருத்துவப் பிரிவில் சேர்ந்த எழுபது வயது கடந்த 852 பேரை ஆராய்ந்தது. கண்ணாடியையும் காதுக்கருவியையும் அணிவித்தல், தண்ணீர் கொடுத்தல், எழுந்து நடக்கவைத்தல், நாளும் இடமும் நினைவூட்டல், இரவில் மருந்தின்றி உறங்கச் செய்தல் முதலானவற்றைக் கடைப்பிடித்த பிரிவில் கலக்கம் நூற்றுக்கு 15 என்பதிலிருந்து 9.9 ஆகக் குறைந்தது. இவற்றில் எது நம்மால் இயலாதது?

இந்நிலையை மருத்துவமனையில் கண்டறிவதற்கு அதே அம்மையார் 1990இல் ஒரு முறையை வகுத்தார். அதன் முதல் வினா: இம்மாறுதல் திடீரென்று வந்ததா, நேரத்துக்கு நேரம் ஏறியிறங்குகிறதா? இதற்கு விடை கூறக்கூடியவர் யார்? அன்றுதான் அவரைப் பார்க்கும் மருத்துவரல்லர். நேற்றுவரை அவரோடு வாழ்ந்த மகளும் மருமகனும் பேரனுமே. "எங்கள் அத்தா நேற்று இப்படி இல்லை" என்ற ஒரு வாக்கியம் பல பரிசோதனைகளுக்கு ஈடானது. மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. இதுவோ மணிக்கணக்கில், நாட்கணக்கில் வருவது. அந்தியிலும் இரவிலும் மிகுவது.

கூச்சலிடுவோரை மட்டும் கவனித்தால் போதாது. ஏலக்காய் எடுத்துப் பழகிய கை, போர்வையில் காய் தேடுவதுபோல் ஓயாமல் கொய்துகொண்டிருக்கும். இப்படிப் போர்வையைக் கொய்வதை ஹிப்போகிரட்டீசின் நூலே தீக்குறியாகச் சொல்கிறது. இன்னும் சிலர் பேசாமல், உண்ணாமல், சுவரைப் பார்த்தபடி கிடப்பர். "கிழவர் சாதுவாக இருக்கிறார்" என்று நாம் மகிழ்வோம். அதுவும் அதே கலக்கம்தான். அமைதியாக வருவதால் அறியப்படாமலே போகிறது. ஆகவே ஆபத்தும் அதிகம். கலக்கம் நேர்ந்த முதியோரில் பின்னாளில் மறதிநோயும் மரணமும் கூடுதலாகக் காணப்படுவதால் இதை விளையாட்டாக எண்ணலாகாது.

கயிறு வேண்டாம்

கலங்கியவரைக் கட்டிலோடு கட்டுவது நம்மிடையே இன்றும் நடக்கிறது. கட்டுவதால் கலக்கம் தணிவதில்லை. அச்சமும் போராட்டமும் கூடுகின்றன. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டனர். அவர்கள் அறுவை சிகிச்சைக்குப் பின் கலங்கியவர்களல்லர். அவர்கள் நோய் வேறு. எனினும் கலங்கிய மனிதனுக்குச் சங்கிலியே காப்பு என்று நம்பிய சமுதாயம் எங்கே போய் நின்றது என்பதை அத்தீ காட்டிற்று. 1488இல் எதிர்னே நகரில் உதுமானிய சுல்தான் இரண்டாம் பாயஸீது எழுப்பிய மருத்துவமனையில், நீரூற்றின் ஒலியும் மலர்களின் மணமும் இசையும் மனநோயாளிக்கு மருந்தாயின என்று பயணி எவ்லியா செலபி எழுதிவைத்தார். நம் முன்னோரிடம் கயிற்றைவிட நல்ல கருவிகள் இருந்தன.

ஓதிப் பார்ப்பதில் நம்பிக்கையுள்ளவர் ஓதட்டும். பழகிய குரல் காதில் விழுவது நன்மையே. ஆனால் அதற்காக நோயாளியை மருத்துவமனையிலிருந்து அழைத்துச் சென்றுவிடலாகாது. உள்ளே ஒரு கிருமியோ உப்புக் குறைவோ காரணமாக இருந்தால், ஒவ்வொரு மணியும் விலையுயர்ந்தது. சேர்க்கும்பொழுதே அவர் உண்ணும் மருந்துகள் யாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, மருத்துவரிடம் சொல்லுங்கள். மதுவோ புகையிலையோ பழக்கமிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மதுவைத் திடீரென நிறுத்துவதும் சித்தத்தைக் கலக்கும். மூக்குக்கண்ணாடியை வீட்டில் பத்திரப்படுத்தாமல் அவர் கண்ணில் மாட்டுங்கள். பகலில் சன்னலைத் திறவுங்கள்; இரவில் பேச்சைக் குறையுங்கள். அவர் தவறாகச் சொன்னால் வாதாடாமல், "நான்தான் உங்கள் மகன், இது தேனி ஆஸ்பத்திரி, கால் சரியாகிவருகிறது" என்று பத்து முறையானாலும் அமைதியாகச் சொல்லுங்கள். அந்நாட்களில் எந்தப் பத்திரத்திலும் அவர் கைநாட்டை வாங்காதீர்கள். கலங்கிய நாளின் பேச்சைக் காட்டிப் பின்னர் அவரை எள்ளி நகையாடாதீர்கள். தெளிந்த பின் பலருக்கு அந்த அச்சம் நினைவில் இருக்கிறது.

தமிழகத்தில் முதியோர் மருத்துவம் புதியதன்று. டாக்டர் வ.செ. நடராசன் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். நாட்டில் அத்துறைக்கு அவரே முன்னோடி. 2024இல் கிண்டியில் முதியோருக்கான தேசிய நிலையம் திறக்கப்பட்டது. ஆனால் கிண்டி எங்கே, போடிமெட்டு எங்கே? மலையடிவாரத்து மருத்துவமனைகளில் முதியோர் மருத்துவர் நாள்தோறும் படுக்கையருகே வரும் காலம் வரவேண்டும். அதுவரை அப்படுக்கையருகே உட்காரும் உறவினரே அவ்வேலையின் பாதியைச் செய்தாக வேண்டும். விலகிப்போன ஏரைச் சாலுக்குத் திருப்ப, பக்கத்தில் நடந்து வரும் ஒரு துணை போதும். அத்துணையாக இருப்பது மருத்துவர் கடமை மட்டுமன்று, நம் கடமையுமாகும்.